அம்பின் வால் எங்கே?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை. ஆஸ்டின் டவுனில் எங்கள் கடைக்கு எதிர்ச்சந்தில் குடியிருக்கும் பையன் ஒருவன் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டியின் மேல் வைத்தான். இரண்டாம் ஆண்டு பி.யூ.சி. படிக்கிறவன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார். எத்தனாலிலிருந்து நீரை நீக்கி எத்திலீன் ஆக்கும் வினையை, அம்புக்குறிகளோடு படிப்படியாக வரையச் சொல்லிக் கேள்வி வந்திருந்தது. விடைக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு சுழி. "நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன் தாத்தா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது.

அவன் சொன்னது உண்மை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நான்தான் வரைந்து காட்டினேன். அமிலத்தில் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது, அதற்கு நேர்மின்சுமை, ஆகவே அம்பு அதிலிருந்து புறப்பட்டுப் போய் எத்தனாலின் ஆக்சிஜனைத் தொடுகிறது என்று பெரிய மனுஷன் தோரணையில் விளக்கினேன். திசையே தலைகீழ். மின்னோட்டம் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கம் என் கையை இழுத்துவிட்டது. கம்பிக்குள் எலக்ட்ரான் போவது அதற்கு நேர் எதிர்த்திசை என்பதும் அதே புத்தகத்தில் இருந்ததுதான். பையன் அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு கடைப்பக்கம் வரவில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெங்களூருக்குக் கடை வேலைக்கு வந்தவன். எண்ணெய், சோப்பு, மளிகை என்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. படித்ததெல்லாம் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்ததுதான். இந்தத் தவறுக்குப் பிறகு மாரிசன், பாய்டு இருவரும் எழுதிய தடித்த புத்தகத்தையும், பீட்டர் சைக்ஸ் எழுதிய வினைவழி பற்றிய சின்னப் புத்தகத்தையும் மறுபடி முதலிலிருந்து பிடித்தேன். அப்போது புரிந்துகொண்டதையே சங்க மலரில் எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அறிவியல் பிரிவில் சேர்ந்து, வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமுமாக அல்லாடி, கடைசியில் அம்புக்குறிகளைக் கோலம் போல மனப்பாடம் செய்கிறார்கள். கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் அடுத்த புள்ளியில் சரிக்கட்டலாம். இதில் முடியாது.

மலரில் படம் போட வசதியில்லை என்றார்கள். ஆகவே வாசிக்கிறவர்கள் ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் பையனின் கேள்வியை முடித்துவிடுவோம். ஓர் ஆக்சிஜன் போடுங்கள். எத்தனாலில் அதன் ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் கார்பன். இந்த இரண்டு பிணைப்புக்கும் போக, அதனிடம் யாருடனும் பங்கிடாத இரண்டு ஜோடி எலக்ட்ரான் மிச்சம் இருக்கிறது. ஜோடிக்கு இரண்டு புள்ளியாக நான்கு புள்ளி வையுங்கள். பக்கத்தில் ஹைட்ரஜன் அயனி. அதனிடம் எலக்ட்ரானே கிடையாது. காலிப் பாத்திரம். இப்போது சொல்லுங்கள், யார் யாருக்குக் கொடுக்க முடியும்? இருக்கிறவன்தான் கொடுக்க முடியும். ஆகவே அம்பின் வால் ஆக்சிஜனின் ஒரு ஜோடிப் புள்ளியில் இருக்க வேண்டும், முனை ஹைட்ரஜனைத் தொட வேண்டும். அம்பு காட்டுவது எலக்ட்ரான் ஜோடியின் பயணத்தை. அணு நடந்து போவதை அது காட்டுவதில்லை. ஹைட்ரஜன்தானே வந்து ஒட்டுகிறது என்று நமக்குத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் என்னையும் கவிழ்த்தது.

வால் வைக்க இரண்டே இடங்கள்தான் உண்டு. ஒன்று, பங்கிடாத ஜோடி. மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் ஒரு பிணைப்பு. பிணைப்பு என்று நாம் போடும் கோடே இரண்டு எலக்ட்ரான்தான். முனை போய்ச் சேருவது ஓர் அணுவாக இருக்கலாம், இரண்டு அணுக்களுக்கு நடுவிலாகவும் இருக்கலாம். முனையில் இரண்டு கொக்கி இருந்தால் ஒரு ஜோடி நகர்கிறது என்று பொருள். தூண்டில் முள் போல ஒரே கொக்கி இருந்தால் ஒற்றை எலக்ட்ரான். ஒற்றைக் கொக்கி விவகாரம் வேறு வகை வினைகளில் வருவது, இங்கே அதைத் தொடவில்லை. வினைக்கு நடுவே போடும் நீண்ட நேர் அம்பு, போக வர இரண்டு அரை அம்பு, இருபுறமும் முனையுள்ள அம்பு இவையெல்லாம் வேறு வேறு பொருள் உடையவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

இனி கடைக்கணக்கு. பேரேட்டில் ஒருவன் பக்கம் கழிக்காமல் இன்னொருவன் பக்கம் ஏற்ற முடியாது. அதே நியாயம்தான் மின்சுமைக்கும். ஆக்சிஜன் தன் சொந்த ஜோடியைக் கொடுத்ததும் அது கூட்டுச் சொத்து ஆகிவிடுகிறது. இரண்டில் ஒன்று பங்கு போனதால் ஆக்சிஜன் மேல் ஒரு கூட்டல் குறி. ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு வந்ததால் அதன் கூட்டல் குறி போய்ச் சுழி. வினைக்கு முன்னும் மொத்தம் கூட்டல் ஒன்று, பின்னும் கூட்டல் ஒன்று. ஐந்தொகை சரி. ஒவ்வொரு படியிலும் இப்படிக் கூட்டிப் பார்த்துவிட்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். எத்தனாலின் அடுத்த படிகளை, அதாவது நீர் கழன்று போவதையும் பிறகு ஒரு ஹைட்ரஜன் கழன்று இரட்டைப் பிணைப்பு உண்டாவதையும், இந்த முறைப்படியே நீங்களே போட்டுவிடலாம். கழன்று போகும்போது வால், உடையும் கோட்டின் நடுவே. முனை, ஜோடியை எடுத்துக்கொண்டு போகிறவன் மேல்.

மது பக்கமே போகாத எனக்கு எத்தனாலைவிட சோப்புதான் சுளுவாக வருகிறது. நம் ஊருக்கும் அது பொருத்தம். 1916-ல் மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை, 1918-ல் பெங்களூருவில் அரசு சோப்பு ஆலை என்று தொடங்கிய கதையை இங்குள்ள முதியவர்கள் அறிவர். சோப்பு காய்ச்சுவது என்றால் எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றிக் கிளறுவது. எண்ணெய் என்பது எஸ்டர் வகை. எஸ்டரின் முக்கியமான பகுதியை மட்டும் வரையுங்கள். நடுவில் ஒரு கார்பன். அதிலிருந்து மேலே இரண்டு கோட்டில் ஓர் ஆக்சிஜன். வலப்பக்கம் ஒரு கோட்டில் இன்னோர் ஆக்சிஜன், அதற்கு அப்பால் கிளிசரின் பகுதி. இடப்பக்கம் நீண்ட கொழுப்புச் சங்கிலி, அதை ஒரு நெளிகோடாகப் போட்டால் போதும்.

காஸ்டிக் சோடாவிலிருந்து ஹைட்ராக்சைடு வருகிறது. அதன் ஆக்சிஜன் மேல் கழித்தல் குறி, கையில் தாராளமாக ஜோடிகள். நடுக் கார்பனோ இரண்டு ஆக்சிஜன்களும் எலக்ட்ரானைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டதால் வறண்டு கிடக்கிறது. முதல் அம்பு ஹைட்ராக்சைடின் ஜோடியிலிருந்து அந்தக் கார்பனுக்கு. இத்தோடு நிறுத்தினால் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு ஆகிவிடும். கார்பன் நான்குக்கு மேல் தாங்காது. மாணவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ஆகவே அதே மூச்சில் இரண்டாவது அம்பு. மேலே உள்ள இரட்டைக் கோட்டில் ஒன்றிலிருந்து மேல் ஆக்சிஜனுக்கு. இப்போது கணக்கு என்ன? வந்த ஆக்சிஜனின் கழித்தல் குறி தீர்ந்தது, மேல் ஆக்சிஜனுக்குக் கழித்தல் குறி ஏறியது. நடுக் கார்பன் ஒரு பங்கு வாங்கி ஒரு பங்கு கொடுத்துவிட்டது. மண்டித் தரகர் மாதிரி. சரக்கு அவர் கை வழியாகப் போகும், அவர் இருப்பில் ஏறாது.

இப்போது கார்பனைச் சுற்றி நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். இது நிலைக்காது. மேல் ஆக்சிஜன் தன் ஜோடியைத் திரும்பக் கீழே இறக்கி மறுபடி இரட்டைக் கோடு ஆக்குகிறது. அதற்கு ஓர் அம்பு. மறுபடியும் ஐந்து பிணைப்பு ஆகக்கூடாதே, ஆகவே கார்பனுக்கும் கிளிசரின் பக்கத்து ஆக்சிஜனுக்கும் நடுவிலுள்ள கோடு உடைந்து அந்த ஆக்சிஜனோடு போய்விடுகிறது. அதற்கு ஓர் அம்பு. மிஞ்சியது கொழுப்பு அமிலம். கழன்று போன ஆக்சிஜன் கழித்தல் குறியோடு வெறுங்கையாக நிற்காமல், அந்த அமிலத்தின் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. இதற்கும் இரண்டு அம்பு. கழன்ற ஆக்சிஜனின் ஜோடியிலிருந்து ஹைட்ரஜனுக்கு ஒன்று, அமிலத்தின் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் கோட்டிலிருந்து அமில ஆக்சிஜனுக்கு ஒன்று. ஆக மொத்தம் ஆறு அம்பு. கடைசிப் படிதான் வினையைத் திரும்பிவர விடாமல் பூட்டுகிறது. கொழுப்பு அமிலத்தின் அமிலத்தன்மை கிளிசரினுடையதைவிடப் பல கோடி மடங்கு அதிகம் என்பதால், ஹைட்ரஜன் ஒருமுறை கைமாறினால் திரும்பாது. எண்ணெயில் இப்படி மூன்று எஸ்டர் உண்டு, மூன்று தரம் இதே கதை. தேங்காயெண்ணெய் ஆனாலும் ஆட்டுக்கொழுப்பு ஆனாலும் அம்பு ஒன்றுதான். எங்கள் கடையில் தாவர எண்ணெய் சோப்பு மட்டும்தான் விற்றோம் என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் என் மனம் நன்னூலுக்குப் போயிற்று. பவணந்தி முனிவர் சீயகங்கன் என்னும் கங்கர் குலத்தவன் வேண்டுகோளால் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இயற்றியது. கங்கர்களின் பழைய தலைநகரம் இதோ பக்கத்திலிருக்கும் கோலார். புணர்ச்சியில் நிகழும் மாற்றங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்பதைப் பள்ளியில் தமிழ் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வாழையும் பழமும் சேர்ந்தால் வாழைப்பழம், இடையில் ஒரு ப் தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம், ன் என்பது ற் ஆகத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர், ம் கெடுகிறது. கரிம வேதியியலில் சேர்க்கை வினை, பதிலீட்டு வினை, நீக்க வினை என்று பிள்ளைகள் படிக்கும் மூன்றும் இவற்றுக்கு நேர்.

அதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. மரம், கிளை என்பவை சேர்ந்து மரக்கிளை ஆகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ம் போன இடத்தில் க் வந்திருக்கிறது, ஆகவே திரிதல் என்று சொல்லத் தோன்றும். இலக்கணிகள் அப்படிச் சொல்வதில்லை. முதலில் ம் கெட்டு மர என்று நிற்கிறது. பிறகு உயிரீற்றுச் சொல்லைப் போல அது வல்லினம் மிகுந்து மரக்கிளை ஆகிறது. கெடுதல் ஒரு படி, தோன்றல் ஒரு படி. பனங்காய் இன்னும் நீளம். பனையின் ஐ கெட்டு, அம் வந்து சேர்ந்து, அந்த ம் ககரத்துக்கு முன் ங் ஆகத் திரிகிறது. முடிவை மட்டும் சொன்னால் போதாது, எந்தப் படி முதலில் என்றும் சொல்ல வேண்டும் என்பது இலக்கணப் பாடத்தின் கண்டிப்பு. சோப்புக் கதையிலும் முதலும் முடிவும் மட்டும் பார்த்தால் ஓர் ஆக்சிஜன் போய் இன்னோர் ஆக்சிஜன் வந்திருக்கிறது, வெறும் பதிலீடு போலத் தெரிகிறது. உள்ளே நடந்தது முதலில் சேர்க்கை, பிறகு நீக்கம். மரக்கிளைக்கு வரிசை எதிர்மாறு, அவ்வளவுதாங்க. எதிர்ச்சந்துப் பையனுக்குப் பின்னால் இதைத்தான் சொன்னேன். அவன் தமிழைப் பேச மட்டும் தெரிந்தவன், நன்னூல் பெயரே கேட்டதில்லை. ஆனாலும் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டான்.

ஒப்புமை ஒப்புமையாக நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் அணுக்கள் பசைத்தன்மையாலும் வறட்சித்தன்மையாலும் கூடுகின்றன என்று வருகிறது. அதுதான் எதிர்மின்சுமையும் நேர்மின்சுமையும் என்று பல கூட்டங்களில் நானே முழங்கியிருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன். பழையவர்கள் அணுக்கள் ஏன் ஒட்டுகின்றன என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்கே பெருமை போதும். எலக்ட்ரானை 1897-ல் ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் தெரியாது.

பிறகு 1916-ல் அமெரிக்காவில் ஜி. என். லூயிஸ், பிணைப்பு என்பது இரண்டு அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு ஜோடி எலக்ட்ரான் என்றார். அந்த ஜோடி நகர்வதை வளைந்த அம்பால் காட்டும் வழக்கம் 1922-ல் இங்கிலாந்தின் ராபர்ட் ராபின்சனும் ஸ்காட்லாந்தின் வில்லியம் கெர்மாக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் தொடங்கியது. இன்றைய விதிகள் அன்றே முழுதாக அமைந்துவிடவில்லை. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது முறையான எழுத்து ஆயிற்று. அதில் லண்டனின் இன்கோல்டுக்குப் பெரும் பங்கு. இருவருக்கும் இடையே யார் முதலில் என்ற பிணக்கு கடைசிவரை தீரவில்லை. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

கெர்மாக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்தக் கட்டுரை வந்த இரண்டாம் ஆண்டு, 1924-ல், ஆய்வுக்கூட விபத்தில் காரம் கண்ணில் பட்டு இரண்டு கண்ணும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 26. அதன் பிறகு மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டு, மெக்கென்ட்ரிக் என்பவருடன் சேர்ந்து 1927-ல் கொள்ளைநோய் எப்படிப் பரவி எப்படி அடங்குகிறது என்பதற்குச் சமன்பாடு எழுதினார். அதைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905–06-ல் பம்பாயில் பிளேக்கில் இறந்தவர்களின் எண்ணிக்கை. 2020-ல் கொரோனாக் காலத்தில் நாம் தினமும் கேட்ட கணிப்புகள் பலவற்றுக்கு மூலம் அந்தச் சமன்பாடுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்ணெயைச் சோப்பாக்கும் காரம், கண்ணின் மெல்லிய சவ்விலுள்ள கொழுப்பையும் அதே ஆறு அம்பில் சோப்பாக்கிவிடும். அதற்குச் சட்டியும் கண்ணும் ஒன்று. வீட்டில் அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவைப் பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அம்பு வெறும் அலங்காரமா, உண்மையா என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. சோப்புப் படத்துக்கே திரும்புங்கள். நான் சொன்னதற்கு மாறாக வேறு விதமாகவும் அம்பு போடலாம். ஹைட்ராக்சைடு நடுக் கார்பனை விட்டுவிட்டு, வலப்பக்க ஆக்சிஜனுக்கு அப்பாலுள்ள கார்பனைத் தாக்கி, அங்கே உள்ள கோட்டை உடைக்கிறது என்று வரைந்து பாருங்கள். ஐந்து பிணைப்பு வராது. மின்சுமைக் கணக்கு இடிக்காது. கடைசியில் கிடைப்பதும் அதே சோப்பு, அதே கிளிசரின். காகிதத்தில் இரண்டும் குற்றமற்றவை. எது நடந்தது என்று எப்படித் தெரியும்?

1934-ல் மான்செஸ்டரில் மைக்கேல் போலனியும் சாபோவும் இதைத் தீர்த்தார்கள். ஆக்சிஜனில் சாதாரணமானது 16 எடை, அபூர்வமானது 18 எடை. குணத்தில் இரண்டும் ஒன்றே. கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரில், காரம் சேர்த்து, பழ வாசனையுள்ள அமைல் அசிட்டேட் என்ற எஸ்டரை உடைத்தார்கள். அடையாளம் போட்ட ரூபாய் நோட்டைக் கடையில் கொடுத்து அது யார் பெட்டியில் போய் விழுகிறது என்று பார்ப்பது மாதிரி. இரண்டாவது அம்பு உண்மையானால் கனமான ஆக்சிஜன் ஆல்கஹாலில் இருக்க வேண்டும். முதல் அம்பு உண்மையானால் ஆல்கஹாலில் இருக்கக் கூடாது. ஆல்கஹாலில் இல்லை. நடுவில் நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கும் அந்த இடைநிலை உண்டு என்பதற்கும் 1951-ல் அமெரிக்காவில் மைரன் பெண்டர் அதே கன ஆக்சிஜனை வைத்துச் சான்று கண்டார். ஆக ஓர் அம்பு போடுவது சாட்சிக்கூண்டில் ஏறிச் சொல்வது போன்றது. பொய்யாக இருந்தால் சோதனையில் பிடிபடும். எலக்ட்ரான்கள் உள்ளபடியே அம்பு மாதிரி வளைந்து பறக்கின்றன என்று யாரும் நினைக்க வேண்டாம், அவை மேகம் போலப் பரவி இருப்பவை. ஆயினும் 2015-ல் கினீசியாவும் கிளைனும் அந்த மேகங்கள் நகர்வதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, வேதியியலார் கையால் போட்டுவந்த அம்புகளோடு அது ஒத்துப்போயிற்று.

இனி நம்மவர் கதைக்கு வருகிறேன். இதை மலரில் எழுத ஆசை வந்ததே இதனால்தான். ராபின்சன் மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தபோது சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இரண்டு பேர் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் 1900-ல் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி. பின்னாளில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் தாவர நிறப்பொருள் ஆய்வில் பெயர் பெற்றவர். மற்றவர் 1901-ல் சென்னையில் பிறந்த கே. வெங்கட்டராமன். இவர் திரும்பி வந்து லாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் பாடம் சொன்னார். பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை. 1957-ல் புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். இருவருமே வெளிமாநிலத்தில் வாழ்ந்து வேலை பார்த்தவர்கள் என்பதை நம் வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லாகூரில் இருந்தபோது வெங்கட்டராமன் தம் மாணவர் மஹலோடு சேர்ந்து ஒரு வினையைக் கண்டார். அதன் முதல் குறிப்பு 1933-ல் வெளிவந்த இடம் எது தெரியுமா? அதற்கு முந்தின ஆண்டு நம் பெங்களூருவில் தொடங்கப்பட்ட 'கரண்ட் சயன்ஸ்' இதழ். அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் தனியாக இதைக் கண்டதால், உலகெங்கும் பாடப் புத்தகங்களில் பேக்கர்–வெங்கட்டராமன் இடமாற்ற வினை என்று பெயர். ஃபிளேவோன் என்ற மஞ்சள் நிறப்பொருள் வகையைச் செய்ய இது நல்ல வழி. வெங்காயத் தோலின் மஞ்சளுக்குக் காரணமான பொருள் இதற்கு நெருங்கிய உறவு. நம் மஞ்சள் கிழங்கின் நிறம் வேறு குடும்பம்.

பென்சிலை எடுங்கள். ஒரு பென்சீன் வளையம். அதன் ஒரு மூலையில் ஒரு கார்பன், அதற்கு இரட்டைக் கோட்டில் ஆக்சிஜன், அதற்கு அப்பால் மூன்று ஹைட்ரஜனோடு ஒரு கடைசிக் கார்பன். வளையத்தின் அடுத்த மூலையில் ஓர் ஆக்சிஜன், அதில் ஒட்டிய எஸ்டர் கார்பன், அதற்கும் இரட்டைக் கோட்டில் ஓர் ஆக்சிஜன், அதற்கு அப்பால் இன்னொரு பென்சீன் வளையம். இதில் காரத்தைச் சேர்த்தால், ஆக்சிஜனைப் பிடித்துத் தொங்கிய அந்த எஸ்டர்ப் பகுதி முழுவதும் கழன்று, பக்கத்து மூலையின் கடைசிக் கார்பனில் போய் ஒட்டிக்கொள்கிறது. மந்திரம் போலிருக்கிறதல்லவா? மனப்பாடம் செய்கிறவன் இங்கே மாட்டிக்கொள்வான். அம்பு தெரிந்தவனுக்கு இது சோப்புக் கதைதான்.

காரம் முதலில் கடைசிக் கார்பனின் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அம்பு காரத்தின் ஜோடியிலிருந்து ஹைட்ரஜனுக்கு. கார்பன்–ஹைட்ரஜன் கோட்டின் ஜோடி கார்பனிடமே தங்கிவிட, அதற்கு ஒரு கழித்தல் குறி. சாதாரணமாகக் கார்பன் இதற்குச் சம்மதிக்காது. பக்கத்தில் இரட்டைக் கோட்டு ஆக்சிஜன் இருந்து சுமையைப் பகிர்ந்துகொள்வதால் சம்மதிக்கிறது. இப்போது அந்தக் கார்பன், சோப்புக் கதையின் ஹைட்ராக்சைடு செய்த வேலையைச் செய்கிறது. அதன் ஜோடியிலிருந்து எஸ்டர் கார்பனுக்கு ஓர் அம்பு, அங்குள்ள இரட்டைக் கோட்டிலிருந்து அதன் ஆக்சிஜனுக்கு ஓர் அம்பு. எட்டுமா என்று எண்ணிப் பாருங்கள். கடைசிக் கார்பன், அதற்கு முந்திய கார்பன், வளையத்தின் இரண்டு மூலைக் கார்பன், ஆக்சிஜன், எஸ்டர் கார்பன். ஆறு பேர் கைகோத்த வளையம். வேதியியலில் ஆறு பேர் வளையம் சிரமமில்லாமல் அமைவது. பிறகு பழைய கதையே. மேல் ஆக்சிஜனின் ஜோடி கீழே இறங்க, எஸ்டர் கார்பனுக்கும் மூலை ஆக்சிஜனுக்கும் நடுவிலுள்ள கோடு உடைந்து மூலை ஆக்சிஜனோடு போகிறது. எஸ்டர்ப் பகுதி வீடு மாறிவிட்டது. இதன் பின் அமிலம் சேர்த்தால் மூலை ஆக்சிஜன் வளைந்து வந்து வளையம் மூடி, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, ஃபிளேவோன் கிடைக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியை வரையும்போது ஒன்று நினைவிருக்கட்டும். அமிலம் உள்ள இடத்தில் ஹைட்ராக்சைடு தனியாகத் திரியாது, காரம் உள்ள இடத்தில் ஹைட்ரஜன் அயனி தனியாகத் திரியாது. ஒரே படத்தில் இரண்டையும் போட்டால் திருத்துகிறவர் சுழி போடுவதில் தப்பில்லை.

நான்காம் ஞாயிறு நானே பையன் வீட்டுக்குப் போய், "நான் சொல்லிக் கொடுத்தது தப்புப்பா, வா, மறுபடி பார்ப்போம்" என்று கூட்டிவந்தேன். அவன் அம்மா, "பெரியவங்க நீங்க போய் இதுக்கெல்லாம்" என்று சங்கடப்பட்டார். அதன் பிறகு பையன் ஞாயிறு தவறாமல் வந்தான். எத்தனால், சோப்பு, மரக்கிளை எல்லாம் முடிந்து, ஒரு நாள் வெங்கட்டராமன் வினையைப் பில் புத்தகத்தின் பின்னால் நான் வரைய, அவன் ஒவ்வோர் அம்பின் வாலிலும் விரலை வைத்துக்கொண்டே வந்தான். எஸ்டர்ப் பகுதி வீடு மாறிய இடத்தில் விரல் நின்றது.

"தாத்தா, இந்த மூலை ஆக்சிஜனுக்கு மைனஸ் போடலையே."

போட்டேன்.